பாதுகாப்புத் துறை ஆர்டரை நம்பி ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் வாங்கலாமா?

சிங்காநல்லூர் பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் அப்பா காலத்திலிருந்து நடக்கும் ஜாப் ஒர்க் பட்டறை எங்களுடையது. இரண்டு லேத்தில் தொடங்கியது, இப்போது ஆறு விஎம்சி மில்லிங் மெஷினும் மூன்று சிஎன்சி லேத்தும் ஓடுகின்றன. பம்ப் பாகங்களும் டெக்ஸ்டைல் மெஷின் பாகங்களும்தான் இதுவரை சோறு போட்டன.

போன மாதம் ஒரு சப்ளையர் தேடி வந்தார். விமானத்துக்கும் பீரங்கிக்கும் பாகங்கள் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பவர். "ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் ஒன்று போடுங்க, ஏஎஸ் 9100 சான்றிதழ் எடுங்க, வேலை நான் தர்றேன்" என்கிறார். ஃபைவ் ஆக்சிஸ் என்பது ஐந்து அச்சில் திரும்பி வெட்டும் மெஷின், ஏஎஸ் 9100 விமானப் பாகம் செய்பவர்களுக்கான தரச் சான்றிதழ். மெஷின், அளவு பார்க்கும் சிஎம்எம் கருவி, அதற்குத் தனி ஏசி அறை எல்லாம் சேர்த்தால் இரண்டரைக் கோடிக்குக் குறையாது. வங்கி கடன் தரத் தயாராக இருக்கிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எந்த மெஷின் நல்லது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை தரப்போகிறவருக்கு வேலை தருகிற பெரிய கம்பெனிகள் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றன? இறக்குமதித் தடைப் பட்டியல், ராணுவத் தளவாடத் தொழிலுக்கான காரிடார், சுயசார்பு என்று செய்தியில் தினமும் வருகிறது. டெல்லியில் ஒரு விதி மாறினால் அந்தக் கம்பெனிகள் எந்தப் பக்கம் திரும்பும்? அவை திரும்பினால் என் தவணையை யார் கட்டுவது? துறைக்குள் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஒரகடம்:

தைரியமாக இறங்குங்கள். 2013-14இல் நாட்டின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 686 கோடி ரூபாய். 2024-25இல் 23,622 கோடி. 2020 ஆகஸ்டில் 101 பொருள்களோடு முதல் தடைப் பட்டியல் வந்தது. 2023 அக்டோபருக்குள் ஐந்து பட்டியல்கள், மொத்தம் 509 பொருள்கள். மூலதனக் கொள்முதலில் 75 சதவீதத்தை உள்நாட்டுக்கென்று 2023-24இல் ஒதுக்கினார்கள். நமக்கோ காரிடாரே இருக்கிறது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என்று ஐந்து மையங்களில் உங்கள் ஊரும் ஒன்று. தேஜஸ் விமானத்தின் இறக்கைகளை எல் அண்ட் டி செய்வது கோவையில்தான். இவ்வளவு வாய்ப்பு அப்பா காலத்தில் இருந்ததா?

ஆவடி ஓய்வு:

தம்பி, முப்பத்துநான்கு வருடம் ஆவடியில் ஒரு படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். ஒரகடம் நண்பர் கொடுத்த கணக்கெல்லாம் சரிதான். ஆனால் உன் கேள்விக்கு வேறொரு இடத்திலிருந்து வர வேண்டும்.

இந்தத் தொழிலில் வாங்குகிறவர் ஒருவரே. பம்ப்பை ஒரு டீலர் வேண்டாம் என்றால் அடுத்த டீலரிடம் போகலாம். பீரங்கியை ராணுவம் வேண்டாம் என்றால் யாரிடம் கொண்டுபோவது? வெளிநாட்டுக்கு விற்கலாம் என்றால் அதற்கும் இதே அரசின் உரிமம் வேண்டும். வாங்குகிறவர், விலை முடிவாகும் முறையை எழுதுகிறவர், தரம் பார்த்து முத்திரை குத்துகிறவர், ஏற்றுமதிக்கு அனுமதி தருகிறவர், போட்டிக்கு நிற்கும் பொதுத்துறைக் கம்பெனிகளின் முதலாளி என எல்லாமே அரசுதான். அதனால் இங்கே ஒரு கம்பெனியின் வியாபாரத் திட்டம் என்பது பாதிக்கு மேல் அரசின் மனதைப் படிக்கும் வேலை.

எங்கள் காலத்தில் அந்த வேலையும் கிடையாது. ராணுவத்திடமிருந்து இண்டென்ட், அதாவது இவ்வளவு வேண்டும் என்ற கடிதம் வரும். செய்வோம், ஆன செலவைக் கணக்கிட்டு விலை போடுவோம். அடுத்த இண்டென்ட் வரும். சந்தை என்ற சொல்லே எங்கள் மேஜைக்கு வந்ததில்லை. எங்களுக்குப் பாகம் கொடுத்த அம்பத்தூர், கிண்டி பட்டறைகளும் அந்த நம்பிக்கையில்தான் பிழைத்தன.

2001இல் தனியாருக்குக் கதவு திறந்தார்கள். அந்நிய முதலீடு அப்போது 26 சதவீதம் வரை, 2014இல் 49, 2020இல் தானியங்கி வழியில் 74. கதவு திறந்ததும் ஆர்டர் வந்துவிடவில்லை. பெரிய ஒப்பந்தங்கள் நெடுங்காலம் பொதுத்துறைக்கே நேரடியாகப் போய்க்கொண்டிருந்தன.

அப்புறம் 2021 அக்டோபர் 1. ஒரே அரசு வாரியத்தின் கீழ் இருந்த 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஏவிஎன்எல் என்ற கம்பெனிக்குள் வந்தன, அதற்குத் தலைமையகமே ஆவடிதான். பக்கத்திலிருந்த ஆடைத் தொழிற்சாலை கான்பூரில் இருக்கும் கம்பெனிக்குப் போனது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரின் இன்னொரு கம்பெனிக்கு. அருவங்காடு கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை புனே கம்பெனிக்கு. ஒரே கேண்டீனில் சாப்பிட்டவர்களுக்கு ஒரே இரவில் வேறு வேறு முதலாளி. எனக்கு அது வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நிலுவையில் இருந்த இண்டென்ட்களை 65,000 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களாக மாற்றிக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அது கரைந்தால் அடுத்தது தானாக வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் குண்டு செய்யும் கம்பெனி வெளிநாட்டு ஆர்டர் தேடிக் கிளம்பியது. ஆடை செய்யும் கம்பெனி டெண்டர் போட்டு, ஊரில் இருக்கும் எல்லா ஆடை ஆலைகளோடும் மோத வேண்டியதாயிற்று. ஆட்கள் அவர்களே, மெஷினும் அதுவே. மாறியது கொள்கை ஒன்றுதான்.

செலவுக்கணக்கு:

ஆவடி ஐயா சொன்னது அடிப்படை. நான் சென்னையில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் செலவுக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சிங்காநல்லூர் நண்பர் ஒரே ஒரு கதையை ஆழமாகப் பார்த்தால் போதும் என்பேன். அது கே9 வஜ்ரா பீரங்கி.

2017இல் எல் அண்ட் டி நிறுவனம் தென்கொரியாவின் ஹன்வாவோடு சேர்ந்து தானே நகரும் 100 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 4,500 கோடி. குஜராத்தின் ஹசீராவில் இதற்கென்றே ஒரு வளாகம் கட்டினார்கள். 2019 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்தார். வேலை கெடுவுக்கு முன்பே முடிந்தது. நூறாவது பீரங்கி 2021 பிப்ரவரியில் கைமாறியது. தனியார் கம்பெனியால் முடியுமா என்று கேட்டவர்களுக்கு அது போதுமான பதில்.

சரி, அதற்குப் பிறகு? அடுத்த 100க்கான ஒப்பந்தம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. மதிப்பு 7,628 கோடி. நடுவில் மூன்று வருடம் பத்து மாதம். லடாக்கில் கொண்டுபோய்ப் பார்த்து, பிடித்துப்போய், மேலும் வேண்டும் என்று ராணுவம் சொன்ன பிறகும் இவ்வளவு காலம். ராணுவம் தேவை சொல்ல வேண்டும், அமைச்சகக் குழு ஏற்க வேண்டும், விலைப் பேச்சு நடக்க வேண்டும், நிதித் துறை பார்க்க வேண்டும், கடைசியில் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு நியாயம் உண்டு. சேர்த்துப் பார்த்தால் நாலு வருடம்.

அந்த நாலு வருடத்தை எல் அண்ட் டி எப்படித் தாண்டியது? அந்தக் கம்பெனிக்குப் பாலம், மெட்ரோ, எண்ணெய்க் கிணறு என்று வேறு நூறு வேலை இருக்கிறது. பாதுகாப்பு அதன் வருமானத்தில் சிறு துண்டு. ஹசீராவின் பட்டறையில் அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவோடு சேர்ந்து சொராவர் என்ற இலகு டாங்கியை உருவாக்கி, 2024 ஜூலையில் வெளியே காட்டியது. வரிசை சும்மா கிடக்காமலிருக்க அடுத்த பொருளை அதே கூரையின் கீழ் வளர்த்தார்கள். இது கொள்கை சொல்லிக் கொடுத்த உத்தி. நம் நாட்டில் ஒரு பொருளுக்குத் தொடர் ஆர்டர் வரும் என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லாததால், ஒரு பொருளை நம்பி யாரும் ஆலை கட்டுவதில்லை.

அப்படிக் கட்டியவர்களும் இருந்தார்கள். குஜராத்தின் பிபாவாவ் கப்பல் தளம். கடற்படை தனியாருக்குப் பெரிய அளவில் ஆர்டர் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் நாட்டின் மிகப் பெரிய உலர்தளங்களில் ஒன்றைக் கட்டினார்கள். 2011இல் ஐந்து ரோந்துக் கப்பல்களுக்கு ஆர்டரும் கிடைத்தது. ஒரு கப்பல்கூடக் கடற்படையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. கை மாறியது, கடன் ஏறியது, 2020இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஏபிஜி, பாரதி தளங்களும் ஏறக்குறைய அதே பாதையில் போயின. அவற்றில் நிர்வாகக் கோளாறும் உண்டு, வணிகக் கப்பல் சந்தை விழுந்ததும் உண்டு. எல்லாவற்றையும் கொள்கையின் தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும் வேறு வருமானம் இருந்தவர் காத்திருந்து பிழைத்தார், கடனில் கட்டி ஆர்டருக்காக உட்கார்ந்திருந்தவர் முழுகினார். சென்னை பக்கம் காட்டுப்பள்ளியில் இதே எல் அண்ட் டி தளம் கடலோரக் காவல்படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்களைச் செய்து கொடுத்து, 2023இல் 3,108 கோடிக்கு மூன்று பயிற்சிக் கப்பல் ஆர்டரும் வாங்கியது.

நண்பரே, உங்கள் இரண்டரைக் கோடியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு மெட்ரோ இல்லை. உங்கள் மெட்ரோ பம்ப்தான்.

ஒரகடம்:

செலவுக்கணக்கு சார், கதையின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். பாரத் ஃபோர்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு கிராங்க்‌ஷாஃப்ட் அடித்துக்கொண்டிருந்த கம்பெனி. ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பீரங்கி ஆலையை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, ஆர்டர் இல்லாத காலத்திலேயே சொந்தப் பணத்தில் பீரங்கி செய்து பார்த்தது. டிஆர்டிஓவின் ஏடேக்ஸ் பீரங்கித் திட்டத்தில் டாடாவோடு இன்னொரு கூட்டாளியாகச் சேர்ந்தது. 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு சுமார் 6,900 கோடி ஒப்பந்தம். குறைந்த விலை சொன்ன பாரத் ஃபோர்ஜுக்கு 60 சதவீதம், டாடாவுக்கு 40. நம் ராணுவத்தின் ஆர்டருக்குக் காத்திருந்த காலத்திலேயே, 2022 நவம்பரில் 15.5 கோடி டாலருக்கு வெளிநாட்டு பீரங்கி ஆர்டரையும் பிடித்துவிட்டது. முன்கூட்டி இறங்கியவர்தான் இன்று முன்னால் நிற்கிறார். எல்லோரும் பம்ப்போடு இருந்திருந்தால் 307 பீரங்கியும் கப்பலில் வந்திறங்கியிருக்கும்.

செலவுக்கணக்கு:

ஒப்புக்கொள்கிறேன். 60க்கு 40 என்று பிரித்துக் கொடுத்ததே நல்ல கொள்கை என்றுதான் நினைக்கிறேன். ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிப் போனால் தோற்றவர் ஆலையை மூடிவிடுவார், அடுத்த டெண்டருக்குப் போட்டியே இருக்காது. ஆனால் அந்தத் திட்டம் தொடங்கி ஒப்பந்தம் வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து வருடமும் கிராங்க்‌ஷாஃப்ட்தான் அவர்களுக்கு சோறு போட்டது. நான் சொன்னதும் அதுதானே.

துவாக்குடி:

அண்ணே, திருச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் கதை பாதுகாப்புத் துறை கிடையாது, ஆனால் உங்களுக்கு உதவும்.

இங்கே பாய்லர் ஆலையை நம்பி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. துவாக்குடி முழுக்க வெல்டிங் வெளிச்சம்தான் அப்போது. தடித்த தகடு, பெரிய ரோலிங், தரச் சான்று பெற்ற வெல்டர்கள் என்று எல்லாமே அந்த ஒரு வேலைக்கு ஏற்றபடி அமைத்தோம். அப்புறம் நாட்டில் புது அனல்மின் நிலையங்கள் குறைந்தன. நிலக்கரி, சுற்றுச்சூழல், சூரிய மின்சாரம் என்று கொள்கை வேறு பக்கம் போனது. ஆர்டர் வற்றியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. வங்கி நோட்டீஸ் ஒட்டிய ஷெட்களை நான் பார்த்திருக்கிறேன். என் மாமாவின் ஷெட் அதில் ஒன்று. வேலையில் ஒரு குறை சொன்னவர் கிடையாது அவரை. கிரேனை எடைக்குப் போட்ட அன்று ஒன்றும் பேசாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிழைத்தவர்கள் யார் தெரியுமா? காற்றாலை கோபுரம், ரயில்வே, சர்க்கரை ஆலை என்று எதையாவது பக்கவேலையாக முன்பே பிடித்து வைத்திருந்தவர்கள். இப்போது காரிடார் பெயரைச் சொல்லி இங்கேயும் கூட்டங்கள் நடக்கின்றன. போகிறேன், கேட்கிறேன். ஒரே வாடிக்கையாளருக்காக மறுபடி கடன் வாங்க மட்டும் கை வரவில்லை.

சியாட்டில் தமிழ்:

அமெரிக்காவில் இதே விஷயம் எவ்வளவு பெரிய அளவில் நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிப்போர் முடிந்து பட்ஜெட் சுருங்கியபோது, 1993இல் பென்டகன் அதிகாரிகள் கம்பெனித் தலைவர்களை இரவு விருந்துக்குக் கூப்பிட்டு, இத்தனை பேருக்கும் இனி வேலை இருக்காது, ஒன்றுசேருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லாக்ஹீடும் மார்ட்டின் மேரியட்டாவும் 1995இல் சேர்ந்தன. போயிங் 1997இல் மெக்டானல் டக்ளஸை விழுங்கியது. 51 முதன்மை ஒப்பந்ததாரர்கள் ஐந்தாகச் சுருங்கினார்கள். 1998இல் லாக்ஹீட் நார்த்ராப்பையும் வாங்கப் பார்த்தபோது அதே அரசு தடுத்தது. பிறகு, போட்டி இல்லாமல் போய்விட்டது என்று 2022இல் பென்டகனே அறிக்கை எழுதியது.

ஒப்பந்த வகையும் உத்தியை மாற்றும். வானில் எரிபொருள் நிரப்பும் கேசி-46 விமானத்தை போயிங் 2011இல் நிலையான விலைக்கு ஒத்துக்கொண்டது. செலவு மீறியது முழுக்க அவர்கள் தலையில் விழுந்து, இதுவரை 700 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். உருவாக்க வேலைக்கு இனி அப்படிப்பட்ட விலை ஒப்பந்தம் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லும் நிலை வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியை நஷ்டத்தில் தள்ளவே ஒப்பந்தத்தின் ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் விலை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சிங்காநல்லூர் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. துவாக்குடி நண்பரின் மாமா கதையைப் படித்துவிட்டு வீட்டில் யாரிடமும் பேசாமல் இருந்தேன்.

ஒரு சந்தேகம். வந்த சப்ளையர் சொன்ன வேலையில் பாதிக்கு மேல் வெளிநாட்டு விமானக் கம்பெனிக்குப் போகும் பாகங்கள். "ஆஃப்செட் கட்டாயம் இருக்கு, அவங்க வாங்கியே ஆகணும்" என்கிறார். அது உண்மையா?

செலவுக்கணக்கு:

பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

ஆஃப்செட் விதி 2005இல் வந்தது. நாம் வெளிநாட்டுக் கம்பெனியிடம் 300 கோடிக்கு மேல் தளவாடம் வாங்கினால், அதில் 30 சதவீத மதிப்புக்கு அவர்கள் இங்கிருந்து பொருள் வாங்க வேண்டும், அல்லது முதலீடோ தொழில்நுட்பமோ தர வேண்டும். ரஃபேலில் இது 50 சதவீதம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் உத்தியை இந்த ஒரு விதி அப்படியே திருப்பியது. ஹைதராபாத்தில் டாடாவோடு சேர்ந்து லாக்ஹீட் சி-130 விமான வால்பகுதி செய்ததும், போயிங் அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடற்பகுதி செய்ததும் இந்தச் சூழலில்தான்.

ஆனால் 2016இல் வரம்பை 300 கோடியிலிருந்து 2,000 கோடிக்கு ஏற்றினார்கள். 2020 கொள்முதல் விதியில், அரசுக்கு அரசு ஒப்பந்தத்துக்கும் ஒரே விற்பனையாளர் ஒப்பந்தத்துக்கும் ஆஃப்செட்டே கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். காரணம் இருந்தது. அதே 2020இல் வந்த தணிக்கை அறிக்கையைப் பாருங்கள். 2005 முதல் 2018 மார்ச் வரை 46 ஆஃப்செட் ஒப்பந்தங்கள், மதிப்பு 66,427 கோடி. 2018 டிசம்பருக்குள் 19,223 கோடிக்கு நிறைவேற்றியிருக்க வேண்டும். நிறைவேற்றியதாகக் கம்பெனிகள் காட்டியதே 11,396 கோடிதான். அதிலும் அரசு ஏற்றுக்கொண்டது பாதிக்கும் குறைவு, 5,457 கோடி.

ஆக, கட்டாயத்துக்காக வாங்குகிறவர் கட்டாயம் முடிந்த அன்று போய்விடுவார். விலையும் தரமும் பிடித்து வாங்குகிறவர் ஆஃப்செட் முடிந்த பிறகும் இருப்பார். ஹைதராபாத் ஆலைகள் இன்றும் ஓடுவது இரண்டாவது காரணத்தால். உங்கள் சப்ளையரிடம் இதைக் கேளுங்கள்: இந்தப் பாகம் இதற்கு முன் எந்த நாட்டில் செய்யப்பட்டது, ஏன் இங்கே வருகிறது, ஒப்பந்தம் எத்தனை வருடம்? பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் பாகம் தயாராக இருந்தாலும் பொருள் நகராமல் போகலாம். தேஜஸ் மார்க் 1ஏ விமானம் 83க்கு 2021 பிப்ரவரியில் ஆர்டர். அமெரிக்க எஞ்சின் வரத் தொடங்கியதே 2025 மார்ச்சில். விமானம் பறந்தால்தான் அடுத்த லாட் பாகம் கேட்பார்கள். நடுவில் பாகம் செய்தவர்கள் கையில் சரக்கு.

ஓசூர் சர்க்யூட்:

நான் ஓசூரில் சிறிய மின்னணு நிறுவனம் நடத்துகிறேன். பதினான்கு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டத்தில் ஒரு போட்டியில் தேர்வாகி ஒரு கருவி செய்தோம். நல்லதையும் கெட்டதையும் சொல்கிறேன்.

2018இல் சென்னைக்குப் பக்கம் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிய திட்டம் இது. முதலில் ஒன்றரைக் கோடி வரை மானியம், நாங்களும் அதே அளவு போட வேண்டும். பிறகு 10 கோடி வரை ஒரு பிரிவு, 2024இல் 25 கோடி வரை இன்னொன்று. எங்களைப் போன்றவர்களை ராணுவ அதிகாரி மேஜைக்கு எதிரில் உட்காரவைத்தது இந்தத் திட்டம்தான். உங்கள் கோவையில் கொடிசியா தொழில் சங்கம் நடத்தும் புதுத்தொழில் வளர்ப்பு மையமும் இதில் ஒரு கூட்டாளி. போய்ப் பாருங்கள்.

கஷ்டம் மாதிரிக் கருவி முடிந்த பிறகு தொடங்கியது. சோதனைக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் துறையில் அதற்கு 'செலவும் இல்லை, உறுதியும் இல்லை' என்ற முறை. அரசுக்குச் செலவு இல்லை, வாங்குவதாக உறுதியும் இல்லை. பாலைவனத்தில் ஒரு தடவை, மலையில் ஒரு தடவை. ஆள், கருவி, லாரி, தங்கும் செலவு எல்லாம் எங்களுடையது. இரண்டாவது தடவை போனபோது என் நகை அடகில் இருந்தது. கருவி தேறியது. ஆர்டர் வரப் பதினெட்டு மாதம் ஆனது. நடுவில் ஒரு பெரிய கம்பெனிக்கு இந்தக் கருவியின் சர்க்யூட் போர்டைக் கொடுத்தோம். பெயர் வேண்டாம், அவர்கள் பணம் கொடுக்க ஏழு மாதம் எடுத்தார்கள். "எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்கு" என்பது ஒவ்வொரு மாதமும் வந்த பதில்.

நாங்கள் தப்பித்தது, அந்த போர்டை கொஞ்சம் மாற்றி மின்வாகன சார்ஜருக்குக் கொடுத்ததால். இன்று எங்கள் வருமானத்தில் பாதுகாப்பு மூன்றில் ஒரு பங்கு. அதை மேலே ஏற்ற வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்திருக்கிறோம்.

கொள்கை திருந்திய இடத்தையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வந்த புதிய கொள்முதல் கையேட்டில், உள்நாட்டில் உருவாக்கும் பொருளுக்கு ஐந்து வருடம் வரை ஆர்டர் உறுதி தர வழி இருக்கிறது. உருவாக்கும் கட்டத்தில் தாமதத்துக்கு அபராதம் கிடையாது. ஐந்து வருட உறுதி என்ற அந்த ஒரு தாள் எங்கள் கையில் அன்று இருந்திருந்தால் வங்கி மேலாளர் முன் நான் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எல்லா அலுவலகங்களும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒரகடம்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு நான் எழுதிய முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். 'தைரியமாக இறங்குங்கள்' என்று அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடாது. பட்டியலில் 509 பொருள் என்பதும் ஆர்டர் என்பதும் வேறு வேறு என்று இப்போது புரிகிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது. எத்தனை, எப்போது வாங்குவோம் என்பது அதில் இல்லை.

ஆவடி ஓய்வு:

ஓசூர் மகளுக்கு என் வணக்கம். தம்பி, தரம் பற்றி ஒரு வார்த்தை. அதை யாரும் எழுதவில்லை.

பம்ப் பாகத்தில் அளவு சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். இங்கே அளவுக்கு முன்னால் தாள். இரும்பு எந்த உருக்காலையில் எந்த வார்ப்பில் வந்தது, வெப்பப் பதப்படுத்தல் யார் செய்தது, எந்தக் கருவியால் அளந்தாய், அந்தக் கருவிக்குச் சரிபார்ப்புச் சான்று எப்போது முடிகிறது என்று எல்லாம் கேட்பார்கள். ஒரு தாள் இல்லையென்றால் நூறு நல்ல பாகமும் திரும்பும். நான் ஆய்வுப் பக்கம் இருந்த வருடங்களில், அளவில் தவறியதைவிடத் தாளில் தவறித் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். ஒரு பட்டறைக்காரர் என் முன்னால் அழுதிருக்கிறார். விதியை மீற எனக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தாளை எழுதப் பட்டறையில் தனியாக ஒரு ஆள் வேண்டும். அவர் சம்பளத்தையும் உன் இரண்டரைக் கோடிக் கணக்கில் சேர்த்துக்கொள்.

செலவுக்கணக்கு:

பணம் வருவது பற்றியும் ஒன்று. உங்கள் பட்டறை சிறு நிறுவனமாக உத்யம் என்ற அரசுப் பதிவில் இருக்கிறதா? இருந்தால், ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராத கம்பெனி அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தின் வருமான வரிக் கணக்கில்தான் கழிக்க முடியும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்புக் கொள்கையில் இல்லாத ஒரு வரி விதி, பாதுகாப்பு சப்ளையருக்கு உதவுகிறது. அதே காரணத்தால் சில பெரிய கம்பெனிகள் சிறு நிறுவனங்களைத் தவிர்க்கவும் பார்க்கின்றன என்று தொழில் வட்டாரத்தில் குறை இருக்கிறது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர் பட்டறை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சப்ளையரை நேரில் போய்ப் பார்த்தேன். இங்கே எழுதியிருந்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். வெளிநாட்டுப் பாகம் இதுவரை ஐரோப்பாவில் ஓடியது, விலைக்காக இங்கே வருகிறது, அவரிடம் மூன்று வருட ஒப்பந்தம் இருக்கிறது. அதைக் காட்டவும் செய்தார். பீரங்கிப் பாகத்துக்கு மட்டும் விலை ஒப்பந்தம்தான், எண்ணிக்கை எழுதவில்லை. "எனக்கே மேலே எழுதித் தரலை, உங்களுக்கு எப்படி எழுதித் தர்றது?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் என்னைப் போலத்தான் என்று தோன்றியது. மூலப்பொருள் விலை ஏறினால் யார் தலையில் என்று கேட்டேன். வெளிநாட்டுப் பாகத்துக்கு அவர்களே பொருள் தருவார்கள், பீரங்கிப் பாகத்துக்கு என் தலையில்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஏஎஸ் 9100 வேலையை இந்த மாதமே தொடங்குகிறேன், தாள் எழுத ஒரு டிப்ளமோ பெண்ணை வேலைக்கு எடுத்தாயிற்று. மெஷின் இப்போது வாங்கவில்லை. இங்கே கணபதிப் பகுதியில் ஒரு நண்பரிடம் ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் இருக்கிறது. இரவு ஷிஃப்டில் அது சும்மா நிற்கிறது, மணிக்கணக்குக்கு வாடகை பேசியிருக்கிறோம். வெளிநாட்டுப் பாகத்தின் முதல் லாட் 40 எண்ணம் அதில் போடுகிறேன். தேறினால், மூன்று வருட ஒப்பந்தத்தைக் காட்டி மெஷினுக்கு மட்டும் கடன் கேட்பேன். பம்ப் இம்பெல்லர் அச்சு செய்யவும் அந்த மெஷின் உதவும். பகல் ஷிஃப்டுக்கு அந்த வேலை இருக்கிறதா என்று இரண்டு பம்ப் கம்பெனிகளிடம் கேட்டுவிட்டேன், இருக்கிறது. பீரங்கிப் பாகத்துக்கு எண்ணிக்கை எழுதி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முதல் லாட் அன்று ராத்திரி தானும் கணபதிக்கு வருவதாகச் சொன்னார்.

ஆவடி ஐயா, டைட்டானியத்துக்கு உருக்காலைச் சான்றில் வார்ப்பு எண் தவிர வேறு என்னென்ன இருக்க வேண்டும்? டிராயிங் செவ்வாய்க்கிழமை வருகிறது.

ஆவடி ஓய்வு:

ரசாயனக் கலவை, இழுவிசைச் சோதனை முடிவு, பதப்படுத்தல் நிலை, தகட்டில் குத்திய எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்பது. அறுக்கும் முன்னால் அந்த எண்ணை மிச்சத் துண்டிலும் குத்தச் சொல். செவ்வாய் மாலை கூப்பிடு தம்பி, எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். டிராயிங்கின் ஓரத்துக் குறிப்புகளை முதலில் படித்துக் காட்டு, அளவை அப்புறம் பார்க்கலாம்.